வினாக்கொத்தர் கூட்டி வந்த ‘இல்லை’க்காரர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் வினாக்கொத்தரின் கேள்விக்குத் தப்பியவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, இனிமேல் பிறக்கப் போகிறவர்கள். மற்றது, கோட்டைக்குள் மேயும் மான்கள். மான்களைப் பற்றியும் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் பிராந்தியப் பொருளாதார ஆய்வு மையம் இருக்கிறது. ஒன்பது பேர் வேலை. எட்டுப் பேர் கதிரையில் இருந்து ஆராய்ச்சி செய்வோம். ஒருவர் வெயிலில் திரிந்து சனங்களிடம் விபரம் கேட்டு வருவார். கேள்விகள் அச்சடித்த தாள்கட்டை எங்கள் தொழிலில் வினாக்கொத்து என்போம். அது அவருடைய கக்கத்தை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அதனால் ஆளுக்கும் அதுவே பெயராகி, வயதுக்காக மரியாதையும் ஒட்டிக்கொண்டது.

நிலாவெளியில் எங்களோடு வேலை செய்த ஒருத்தியின் கலியாணம். படம் எடுக்க மேடையேறிய வினாக்கொத்தர் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, “வீட்டில உழைக்கிற ஆக்கள் எத்தினை பேர், தம்பி?” என்று கேட்டார். மாப்பிள்ளை பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். பெண்ணின் தகப்பன் முகம் மாறியது. தாலி ஏறி அரை மணித்தியாலம் ஆகிவிட்டிருந்தது.

இன்னொரு நாள் தம்பலகாமத்தில் வயல் வரம்பில் நின்று ஒரு விவசாயியிடம் பதினேழாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யானை வந்துவிட்டது. விவசாயி ஓடினார். இவரும் பக்கத்திலேயே ஓடினார். அந்தத் தாள் பிறகு என் மேசைக்கு வந்தது. பதினெட்டாவது கேள்வி, ‘பயிருக்குச் சேதம் ஏதும் உண்டா?’ என்பது. ‘இருக்கப்போகிறது’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தார்.

இவற்றையெல்லாம் எங்கள் பணிப்பாளர் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாத பழக்கம் ஒன்று இருந்தது. அறிக்கை அச்சாகி வந்ததும் வினாக்கொத்தர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். பதில் சொன்ன சனங்களை மரத்தடியில் இருத்தி, அவர்களைப் பற்றி நாங்கள் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுவார். அவர்கள் ஏசுவார்கள். ஏச்சை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்து பணிப்பாளரின் மேசையில் வைப்பார்.

போன வருடம் கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. மையத்தால் பயன் உண்டா என்று பார்ப்பார்களாம். இல்லை என்று எழுதினால் மையம் மூடப்படும். என்னைப் போல ஒப்பந்தத்தில் இருந்த ஐந்து பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வினாக்கொத்தரும் அந்த ஐவரில் ஒருவர்.

சுவருக்கு வெள்ளை அடித்தோம். அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தோம். பணிப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, அந்தாள் அண்டைக்கு இஞ்ச நிக்கக் கூடாது. முழுநாள் வேலையெண்டு மூதூருக்கு அனுப்பி ஒரு கடிதம் அடியுங்கோ.”

அடித்தேன். அவர் கையெழுத்து வைத்தார். வினாக்கொத்தர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

குழுவின் தலைவர் மெலிந்த, சிரிக்காத பேராசிரியர். எங்கள் வரைபடங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த அறிக்கைகளை ஆர் வாசிக்கினம்?”

பணிப்பாளர் நூலகங்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

“நூலகம் வாசிக்காது. ஆர் வாசிக்கினம்?”

பணிப்பாளர் துடைத்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார். மின்விசிறியின் சத்தம் என் வேலை போகிற சத்தமாகவே எனக்குப் பட்டது. அப்போதுதான் படியில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. வினாக்கொத்தர் உள்ளே வந்தார். பின்னால் மூதூர்க் கடைக்காரர் கபூர் நானா, நிலாவெளியில் கருவாடு போடும் திரேசக்கா, இன்னும் நாலைந்து பேர்.

“மையத்தால பயன் உண்டோ எண்டு மூண்டு கிழமையாக் கேட்டு வச்சிருக்கிறன், சேர்,” என்று தலைவரிடம் தாள்கட்டை நீட்டினார். “இவை ‘இல்லை’ எண்டு சொன்ன ஆக்கள்.”

பணிப்பாளர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரேசக்கா முந்திக்கொண்டார். “இருபத்தேழாம் பக்கத்தில கருவாடு காய மூண்டு நாளெண்டு கிடக்கு. மாரியில வந்து பாத்தவையோ? ஒரு கிழமையாலயும் காயாது. அந்தக் கணக்கை நம்பி ஆரும் கடன் திட்டம் போட்டால் நாங்கள் என்ன செய்யிறது?”

“மூதூரில கடை நடத்துற பொம்பிளையள் இல்லையாம்,” என்றார் கபூர் நானா. “கடையில குந்தியிருக்கிறது நான். நடத்துறது என்ட பொண்டாட்டி. அவகிட்ட ஒரு சொல்லுக் கேட்டயளா?”

மூதூர் அத்தியாயத்தை எழுதியவள் நான். அதை எழுதி முடிக்கும்வரை மூதூருக்குப் போனதில்லை. மேசைக்குக் கீழே பேனை விழுந்ததுபோல் குனிந்துகொண்டேன்.

தலைவர், “பக்கமெல்லாம் எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார்.

“இவர்தானே வாசிச்சவர்,” என்றார் திரேசக்கா. “விளங்கேல்லை எண்டு சொன்னால் திரும்பவும் வாசிப்பார். தப்பி ஓட ஏலாது.”

தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். எல்லோருக்கும் கதிரை போடச் சொன்னார். ஏச்சு இரண்டு மணித்தியாலம் நடந்தது. குழுவுக்கென்று எடுப்பித்த சாப்பாடு ஆறிப்போனது.

பின்னேரம் பணிப்பாளர் வினாக்கொத்தரைப் பிடித்துக்கொண்டார். “நல்லாச் சொல்ல ஒரு ஆளும் அம்பிடேல்லையோ உங்களுக்கு?”

“ஏன், ஓம் எண்டவை முப்பது பேர் இருக்கினம், சேர். எங்கட வினாக்கொத்திலயே ‘ஓம் எனில் அடுத்த பகுதிக்குச் செல்க, இல்லை எனில் காரணம் கூறுக’ எண்டுதானே கிடக்கு? காரணம் இல்லாத ஆக்களைக் கூட்டி வந்து என்ன செய்யிறது?”

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. வாசகர்கள் இந்த அளவுக்குக் கோபப்படும் மையம் மூடப்படக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் வேலை நீடித்தது. பணிப்பாளர் அது தன்னுடைய ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு மட்டும் மனது கேட்கவில்லை. குசினியில் வினாக்கொத்தர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, “அண்டைக்கு உங்களை அனுப்பின கடிதம் நான்தான் எழுதினது,” என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும், பிள்ளை. உங்கட வசனத்தை ஊரூரா வாசிச்சுக்கொண்டு திரியிறவன் நான். எனக்குத் தெரியாதோ?”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

அவர் என் கோப்பையையும் எடுத்து ஊற்றினார். “வேலை போயிடுமெண்டு பயந்திருப்பியள். எனக்கும் பயம்தான். அதாலதான் முதல் பஸ்ஸில மூதூருக்குப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

ஐந்து வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்தும் அந்த மனிதருக்குப் பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று பிடித்த பாசம், இன்னும் விடவில்லை.