சர்க்கரையின் தனியுரிமை

ஜெர்மனியில் தனியுரிமை உண்டு, இந்தியாவில் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். பெரும் பிழை. இரண்டு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. இல்லாத இடம், விளாங்குடியில் என் வீடு மட்டும்தான்.

தினமும் காலையில் என் விரலைக் குத்தி, சுகர் மெஷின் காட்டும் எண்ணை என் மனைவி ரோகிணி 'எழுமலைச் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். உறுப்பினர்கள் அறுபத்து மூவர். ஞாயிற்றுக்கிழமை எழுமலையில் அவள் தம்பி அழகுபாண்டி வீட்டுக் காதுகுத்து, கிடா விருந்து. எண் கசிந்தால் எனக்குப் பத்தியச் சாப்பாடு.

மகள் சரண்யாதேவி பெர்லினில் இருப்பதால் ஜெர்மன் சட்டமும் எனக்கு உறவுமுறைதான். வியாழன் முழுக்க இரு நாட்டுச் சட்டங்களையும் ஒப்பிட்டுப் படித்தேன். வெள்ளி காலை விரலை நீட்டாமல் அறிவித்தேன்: உடல்நலத் தகவலைச் சம்மதமின்றி வெளியிட்டால் அங்கே அபராதம், இங்கே சைபர் கிரைம், உதவி எண் 1930.

"1930-க்குப் போன் போடுங்க," என்றாள் தோசையைத் திருப்பியபடி. "அவங்களும் மொதல்ல சுகர் எம்புட்டுன்னுதான் கேப்பாங்க."

மகளிடம் அவளும் விசாரித்திருந்தாள். வீட்டு விஷயத்துக்கு இரண்டு சட்டமும் பொருந்தாதாம். உண்மைதான், அந்தப் பகுதியை நான் சற்று வேகமாகக் கடந்திருந்தேன். ஆனாலும் அறுபத்து மூன்று பேர் எப்படி வீடு ஆவார்கள் என்று கேட்டேன்.

"அம்புட்டுப் பேரும் சொந்தம்தானே?"

"உன் சித்தப்பா மகனோட கொழுந்தியாளுமா?"

யோசித்தாள். "சரிங்க. இனி உங்க சம்மதம் இல்லாம நம்பரப் போடமாட்டேன்."

இருபத்தாறு வருட இல்லறத்தில் முதல் வெற்றி. அறைக்குள் போய் நானே குத்திப் பார்த்தேன். 142. எனக்கும் மெஷினுக்கும் மட்டுமே தெரியும். நிம்மதியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை குழுவில் அழகுபாண்டி கேட்டிருந்தான்: "ரெண்டு நாளா மச்சான் சுகரக் காணோமே, அக்கா?"

ரோகிணி பதில் எழுதியிருந்தாள்: "வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாரு தம்பி. நேர்ல வாரோம்." கீழே இரண்டு கைகள் கும்பிட்டன.

ஞாயிறன்று எழுமலையில் இறங்கியதும் அழகுபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். சித்தப்பா மகனின் கொழுந்தியாள் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

பந்தியில் என் இலையில் இரண்டு கேழ்வரகு இட்லியும் அவித்த பாகற்காயும் இருந்தன. பக்கத்து இலையில் ரோகிணிக்கு மூன்றாவது முறையாகக் கறி வைத்தார்கள்.