உருண்டையா இருந்தா குளோரெல்லாவா?

சிதம்பரம் பல்கலைக்கழக விடுதியில் என் அறையில் இருந்தவனுக்கு ‘பாசி’ என்று பட்டப்பெயர். அவனைப் போலக் கோபப்படத் தெரிந்தவன் தமிழ்நாட்டிலேயே கிடையாது. மற்றவர்கள் தங்களுக்காகக் கோபப்படுவார்கள். அவன் கண்ணுக்குத் தெரியாத பாசிக்காகக் கோபப்பட்டான்.

குறிஞ்சிப்பாடிக்காரன். நன்னீர்ப் பாசிகளில் முனைவர் பட்ட ஆய்வு. விடுதித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவர்களை, தான் ஒரு பாட்டில் பாசி எடுக்கும்வரை ஏணியில் ஏறவிடாமல் மறித்தான். அன்று விடுதியே குளிக்காமல் வகுப்புக்குப் போனது.

ஒருமுறை ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு பச்சைப் பாசியைக் கொண்டுவந்து சோதனைக்கூடத்தில் வளர்த்தான். அவனுடைய பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் செல்போனில் ஒரு கண்ணுமாகப் பார்த்துவிட்டு, குளோரெல்லா என்று எழுதிவிடச் சொன்னார். குளோரெல்லா, பாசி படித்த எல்லோருக்கும் தெரிந்த, முள்ளில்லாத உருண்டைப் பாசி.

அறைக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

“குட்டையில எடுத்தப்ப அதுக்கு முள்ளு இருந்துச்சு மச்சான். இங்க வந்து உதுந்துபோச்சு. உருண்டையா இருக்கறதெல்லாம் குளோரெல்லான்னா, நம்ம வார்டன் யாரு?”

எழுதித் தொலைத்தால் பட்டம் வந்துவிடுமே என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். பேராசிரியரும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டத்தோடு ஊருக்குப் போனார்கள். இவன் மட்டும் பாட்டில்களோடு இருந்தான்.

பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. குட்டையில் இந்தப் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு, பாட்டிலில் இல்லை. எதிரியே இல்லாத இடத்தில் முள் எதற்கு? மறுபடி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பேருந்து ஏறினான். அந்தத் தின்னிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, அவற்றின் வாடை மட்டும் மிஞ்சிய தண்ணீரைப் பாட்டில் பாசியில் ஊற்றினான். சில நாளில் உருண்டைகளின் மேல் மெல்லிய முட்கள் நீட்டிக்கொண்டு நின்றன. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. அது குளோரெல்லா இல்லை, மைக்ராக்டினியம் என்ற முள் வளர்க்கும் வேறு பாசி.

பேராசிரியர் இந்தமுறை நெடுநேரம் பார்த்தார். நீ சொன்னதுதான் சரி என்று கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லிவிட்டு வர வேண்டிய இடம். இவனோ, “இத மொதல்லயே பாத்திருக்கலாமே சார்?” என்று கேட்டுவிட்டு வந்தான்.

ஆனால் அது புதிய இனம் இல்லை. எவரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போனதுதான். இவ்வளவு போராடியும் உன் பெயர் அதற்கு வரவில்லையே, வருத்தமில்லையா என்றேன்.

“எம்பேரு எதுக்குடா அதுக்கு? அதும் பேரச் சொல்லி அதக் கூப்புடணும். அவ்ளோதான்.”

இப்போது கடலூர் செம்மண்டலத்தில் குடியிருக்கிறான், கல்லூரியில் பாடம் நடத்துகிறான். கோபம் முன்னைவிட ஜாஸ்தி. அவனிடம் திட்டு வாங்கி நாளாகிவிட்டால் எனக்கு என்னவோ போலிருக்கிறது. ஏதாவதொரு குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடலூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறேன்.