ஒரு கட்டை கீழே

பாட்டின் நடுவே யாரோ விசில் அடித்தார்கள்.

மாதேஷ் லேப்டாப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாசலில் ஆள் இல்லை. மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் அதே விசில். கூடவே டணால் டணால் என்று ஒரு மணி. பெரிய டிரம் அடி விழவேண்டிய இடத்திலோ ஒன்றுமே விழவில்லை.

கோடை விழாவுக்கு எட்டே நாள் இருந்தது. உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரம் இந்த வருஷம்தான் முதல் தடவையாக மாதேஷின் குழுவுக்குக் கிடைத்திருந்தது. குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மூன்றே பேர். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்க்கும் மாதேஷ் கீபோர்டு. சீசனில் ஜீப் ஓட்டும் தங்கராஜ் ரிதம் பேடு. மேடைக்கு லேப்டாப், மைக், வயர் எல்லாம் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவது அவன் பொறுப்பு. பாடுவதற்கு சிவரஞ்சனி என்று ஒரு பெண் இருந்தாள். போன மாதம் அவளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்.

ஆகவே மாதேஷ் தன் மனைவி புஷ்பலதாவைப் பாடச் சொன்னார். அடுப்படியில் அவள் பாடுவதை இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்பதற்காகவே தினமும் காலையில் இரண்டாவது காபி கேட்கிற மனுஷர் அவர். பதினேழு வருஷமாக இதுதான் நடக்கிறது. இரண்டாவது காபி எதற்கென்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. மேடை என்றதும் அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். நாலு நாள் கெஞ்சிய பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"அத்தன சனத்து முன்னால எனக்குக் கொரலு ஒடஞ்சுதுன்னு வையுங்க, அப்பறம் இந்த ஊட்லயும் வாயத் தொறந்து பாட மாட்டேனுங்க."

அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. ஒருமுறை ரசத்தில் புளி தூக்கல் என்று இவர் வாய் தவறிச் சொல்லப்போக, நாலு மாதம் அந்த வீட்டில் ரசமே கிடையாது.

பாட்டு மாதேஷ் சொந்தமாக மெட்டுப் போட்டது. தாளமும் மற்ற வாத்தியங்களும் ஒரு பைலில் இருக்கும். லேப்டாப் அதை ஓட்ட, அதன் மேல் இவர் கீபோர்டு வாசிப்பார். பைல் எந்தச் சுருதியோ, வயர் வழியாகக் கீபோர்டும் தானாக அந்தச் சுருதிக்கு வந்துவிடும். விரல் போகிற இடம் மாறாது. எல்லாம் சௌகரியம்தான். சரணத்தில் 'மேகம்' என்ற ஒரு வார்த்தை மட்டும் உச்சத்துக்குப் போய் நின்றது. முதல் ஒத்திகையில் அந்த இடத்தில் புஷ்பலதாவின் குரல் லேசாகப் பிசிறியது. அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தார். ரசம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

சேலத்தில் கீபோர்டு விற்ற கடைக்காரர் அப்போதே ஒரு வழி சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் ஏஐ பாட்டுப் பைலையே திறந்து படித்துத் திருத்திக் கொடுக்கிறதாம். என்ன வேண்டுமென்று தமிழில் எழுதினால் போதுமாம். மாதேஷ் பாட்டு இருந்த போல்டரைத் திறக்க அதற்கு அனுமதி கொடுத்துவிட்டு, சம்சாரத்துக்கு உச்சம் எட்டவில்லை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சுருதியில் ஒரு கட்டை இறக்கு என்று எழுதினார். அது ஒன்று விடாமல் இறக்கியது. தாளத்துக்கு ஏது சுருதி? பைலில் ஒவ்வொரு தாளக் கருவிக்கும் ஒரு எண் உண்டு. எண்ணை இறக்கினால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். விசில் வந்த கதை இதுதான்.

ஏஐ பணிவாக வருத்தம் தெரிவித்துவிட்டு, தாளத்தை மட்டும் பழைய இடத்தில் வைத்தது. விசில் போயிற்று. பாட்டு ஒரு கட்டை கீழே இதமாக ஓடியது. மாதேஷ் அன்றைக்கு எஸ்டேட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் சாயங்கால ஒத்திகையில் வேறு விதமாக இடித்தது. சுருதி இவர் வைத்த இடத்திலேயே இருந்தது. வேகம் குறைந்திருந்தது. வேகம் குறைந்ததால் புஷ்பலதா 'மேகம்' என்பதை முன்னைவிட அதிக நேரம் பிடித்து நிறுத்தவேண்டி வந்தது. மூச்சு வாங்கிப் பாவம், மறுபடி பிசிறியது.

யாரைக் கேட்டு வேகத்தைக் குறைத்தாய் என்று மாதேஷ் ஏஐயிடம் கேட்டார்.

"நேற்று மாலை நான்கு பத்துக்கு நீங்கள் கேட்டுக்கொண்டபடி குறைத்தேன். வேறு ஏதாவது மாற்றம் தேவையா?"

நேற்று நான்கு பத்துக்கு இவர் மிளகுக் கொடி கட்டும் ஆட்களோடு மலைச்சரிவில் நின்றிருந்தார். அப்படித்தான் நினைப்பு. ஆனால் மெஷின் மணி முதற்கொண்டு சொல்கிறதே. ஒருவேளை செல்போனில் எழுதிவிட்டு மறந்துவிட்டோமோ என்று சந்தேகம் தட்டியது. நாற்பத்தாறு வயதில் இது வரக்கூடாதே என்று கவலையாகவும் இருந்தது. மறுநாள் சமையலுக்கு வல்லாரைத் துவையல் கேட்டார். ஞாபக சக்திக்கு நல்லதென்று சொல்லவில்லை. புஷ்பலதாவும் எதற்கென்று கேட்காமல் அரைத்து வைத்தாள். வைத்துவிட்டு இவர் கையையே ஒரு மாதிரி பார்த்தாள்.

வேகத்தைப் பழையபடி ஆக்கச் சொன்னார், ஆயிற்று. சாயங்காலம் பார்த்தால் முன்னைவிட மெதுவாக இருந்தது. இது என்ன கூத்து என்று மலைத்த மாதேஷ், ஏஐக்கு நிரந்தரமாக ஓர் உத்தரவு போட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, பாதுகாப்புக்கு ஒரு கட்டை இறக்கி வை. நானே வந்து வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதே. இந்தக் கடைசி வரியை எழுதி முடித்தபோது தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

மூன்று நாளில் பாட்டு பாதாளத்தைத் தொட்டது. காலையில் ஏஐ இறக்கிய கட்டை சாயங்காலமும் இறங்கியே இருந்தது. காலையில் கூட்டிய வேகமோ அன்றைக்கு மத்தியானமே காணாமல் போய், கூடவே இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு போனது. இந்தச் சுருதி மனிதக் குரலுக்குச் சிரமமான ஆழத்தை நெருங்குகிறது, தொடரலாமா என்று ஏஐகூட ஒரு நாள் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் மாதேஷ் படிக்காமலே சரியென்று அமுக்கிவிட்டார்.

அன்றைய ஒத்திகையைக் கேட்டிருக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து முழு பாரத்தோடு முதல் கியரில் ஏறிவரும் பஸ் மாதிரி பாட்டு முனகிக்கொண்டு வந்தது. பல்லவியில் புஷ்பலதாவின் குரல் அடித்தொண்டைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. மாதேஷோ ஒரு கட்டையை அமுக்கிவிட்டு அடுத்த கட்டைக்காகக் காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் கடமையே கண்ணாக முடித்தார்கள். முடிகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டு ஞானசுந்தரம் தோளில் துண்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க ரைட்டரே, யாருங்க தவறிப்போனாங்க? எனக்கு ஒரு வார்த்தகூடச் சொல்லலையே."

அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு மாதேஷ் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். விழாவுக்கு இரண்டு நாள். இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு மேடையேறினால் புஷ்பலதா அதன்பிறகு பாடப்போவதில்லை. காலையில் அடுப்படியிலிருந்து குக்கர் சத்தம் மட்டும்தான் வரும். வேகத்தைக் குறைக்கச் சொல்லி நான் என்ன எழுதினேன், அப்படியே ஒரு எழுத்து மாறாமல் காட்டு என்று ஏஐயிடம் கேட்டார்.

காட்டியது.

"எங்க ஊட்டுக்காரருக்குப் பாட்டுக்கு நடுவுல வர்ற வேகமான எடத்துல வெரலு தடுமாறுது. சொன்னா மனசு ஒடஞ்சு போவாரு. அவருக்குத் தெரியாம கொஞ்சம் மெதுவா ஆக்கிக் குடுத்துரு சாமி."

மாதேஷ் இதை மூன்று தரம் படித்தார். அப்புறம்தான் உறைத்தது. அந்த வீட்டில் செல்போன் இரண்டு, லேப்டாப் ஒன்று. ஏஐயில் கணக்கு மட்டும் ஒன்றே ஒன்று. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தால் மறந்துபோகும் என்று மூன்றிலும் தன் பெயரையே போட்டுக் கொடுத்த புத்திசாலி அவரேதான். ஏஐக்குத் தெரிந்த அளவில் அந்த வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தார். அவர் காலையில் ஒன்று சொன்னார், சாயங்காலம் ஒன்று சொன்னார்.

அவர் எழுந்து திரும்பினால், அடுப்படி வாசலில் புஷ்பலதா கையில் செல்போனோடு நின்றிருந்தாள். பாட்டு ஏன் இப்படிக் கிணற்றுக்குள் போயிற்று என்று அவளும் அதனிடம் கேட்டிருக்கிறாள். அதுவும் நேர்மையாக எடுத்துக் காட்டியிருக்கிறது.

"சம்சாரத்துக்கு உச்சம் எட்டலைன்னு எளுதி வச்சிருக்கறீங்க," என்றாள்.

"எனக்கு வெரலு தடுமாறுதுன்னு நீ எளுதலையா?"

"தடுமாறுதுங்களே."

"எட்டலையே புள்ள."

மாதேஷுக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் 'சாமி'யை நினைத்ததும் ரோஷம் நிற்கவில்லை. தனக்காக ஒரு மெஷினைச் சாமி என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள் இவள். அவர்தான் முதலில் சிரித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. பிறகு அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நிரந்தர உத்தரவைப் படித்துவிட்டு, நானே சொன்னாலும் கேட்காதே என்று சொல்லி வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

அன்று முதல்முறையாக இருவரும் சேர்ந்து ஏஐயிடம் பேசினார்கள். பழைய உத்தரவு எல்லாம், அந்தக் 'கேட்காதே' வரி உட்பட, ரத்து. முதல் நாள் பாட்டை எடுத்து, அவளுக்காக ஒரே ஒரு கட்டை இறக்கு. இவருக்காக வேகத்தை ஒரு பிடி மட்டும் குறை. தாளத்தைத் தொடாதே. அது மூன்றையும் சரியாகச் செய்து, 'மேடைக்கு' என்று பெயர் வைத்துப் போல்டரில் போட்டது. போட்டுப் பார்த்தார்கள். குரல் உச்சத்தில் பூப்போல நின்றது, விரலும் வழுக்காமல் ஓடியது. இந்த உதவி இல்லாவிட்டால் நம் பாடு என்ன ஆகியிருக்கும் என்று மாதேஷ் உண்மையாகவே நன்றியோடு சொன்னார். முதல் ஒத்திகைக்குப் பிறகு சவாரி மும்முரத்தில் தலை காட்டாத தங்கராஜைப் போனில் பிடித்து, நெட்டில் இருக்கிற நம் போல்டரில் புதுப் பைல் போட்டிருக்கிறது, இறக்கி எடுத்துக்கொள் என்று சொன்னார். அவன் ஜீப் சத்தத்துக்கு நடுவே சரிங்ணா, சரிங்ணா என்றான்.

விழா மேடைக்கு முன்னால் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். பாட்டு ஆரம்பித்தது. புஷ்பலதா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பல்லவி முடிந்து இடையிசை வந்தபோது, கொஞ்சம் விரசலாக ஓடுகிறதோ என்று மாதேஷுக்கு ஒரு கணம் தோன்றியது. மேடையில் நின்றால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு விரலை விட்டார். குறைத்து வைத்த வேகம்தானே, பயம் எதற்கு? ஒரு சுரம் பிசகவில்லை. அடுத்து சரணம். புஷ்பலதா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கட்டை இறக்கியாயிற்று என்ற தைரியத்தில் முழு மூச்சையும் விட்டுப் பாடினாள். 'மேகம்' பிசிறில்லாமல் மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூட்டம் அந்த இடத்திலேயே கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

கீழே இறங்கியதும் மாதேஷ் இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தார். மேடைக்குப் பின்னால் நின்று தின்றார்கள். புஷ்பலதாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அடுத்த வருஷத்துக்கு வேறு பாட்டு வேண்டும் என்று அவளே சொன்னாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் மாதேஷ் தன் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். எனக்கு ஒரு கட்டை இறக்கியதுதான் காப்பாற்றியது என்று அவள் ஒப்புக்கொண்டாள். எனக்கு நீ குறைத்த வேகம்தான் கைகொடுத்தது என்று இவரும் விட்டுக்கொடுத்தார். பதினேழு வருஷத்தில் இருவரும் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை.

தங்கராஜ் வயர்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். மாதேஷ் அவனுக்கும் ஒரு பஜ்ஜியை நீட்டி, புதுப் பைல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

தங்கராஜ் பஜ்ஜியை வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்ணா, அது எனக்கு வரவே இல்லீங்க. லேப்டாப்பு எங்க ஊட்லயே கெடந்துச்சு, அந்தப் பள்ளத்துல டவரே எடுக்காதுங்க. மொத நாளு நீங்க குடுத்தீங்களே, ஒண்ணுமே மாத்தாத பாட்டு, அதத்தானுங்க ஓட்டுனேன்."