மனைவிக்கு விளங்காத மீன்காட்டி

மனைவிக்கு விளங்காத ஒரு பொருளை இந்தச் சென்மத்தில் ஒருமுறையாவது வாங்கிவிடுவது என்று வெள்ளவத்தை நாகேந்திரம் சபதம் எடுத்தார்.

காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் அவருடைய பொழுதெல்லாம் மனைவி நேசமலரின் மேற்பார்வையில்தான் கழிந்தது. எந்தச் சேர்ட்டைப் போடுவது, எந்தப் பக்கம் நடக்கப் போவது, எல்லாவற்றுக்கும் மேலிடத்து உத்தரவு வரும். தப்புவதற்கென்றே முகத்துவாரத்து மீனவன் றேமண்டின் சின்ன வள்ளத்தில் பாதிப் பங்கு வாங்கினார். ஞாயிறு விடிந்தால் கடல். கரையிலிருந்து பார்த்தால் அவர் வெறும் புள்ளி. புள்ளிக்கு யார் உத்தரவு போடுவது?

ஒரே குறை, மீன் படுவதில்லை. மூன்று ஞாயிறு வெறுங்கையோடு வந்ததும், கடலைவிடச் சந்தை கிட்ட என்றாள் நேசமலர். நாலாவது ஞாயிறும் இப்படியென்றால் பங்கை விற்றுவிட வேண்டும். அந்த ஞாயிறு தானே நேரில் வந்து பார்ப்பாளாம்.

ஆகவே மீன்காட்டி, தண்ணீருக்கடியில் மீன் நிற்கிற இடத்தைத் திரையில் காட்டும் கருவி. அந்தக் கிழமை முழுக்க நாகேந்திரம் வலையில் கிடந்தார், இணைய வலையில். போகிற இடம் ஆழமில்லை, சின்னதே போதும் என்று றேமண்ட் சொல்லிப் பார்த்தான். மருதானைக் கடைக்காரர் வள்ளம் எவ்வளவு பெரிது என்று சிங்களத்தில் கேட்டபோது, தப்பிப்போன மீனைக் காட்டுகிறவர் மாதிரி நாகேந்திரம் கைகளை விரித்தார். கடைக்காரர் ஐந்து அங்குலத் திரையை எடுத்து வைத்தார். இவரோ மேல் தட்டில் தொலைக்காட்சி மாதிரி இருந்ததைக் கேட்டார். அதனோடு நூற்றிருபது பக்க விளக்கப் புத்தகம் இருந்தது. புரட்டினார். ஒரு வரியும் விளங்கவில்லை. தனக்கே விளங்காதது அவளுக்கு எப்படி விளங்கும்? அதையே கட்டித் தரச் சொன்னார்.

ஞாயிறு வந்தது. மூவரும் வள்ளத்தில். திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் திருவிழாவாக மின்னின. ஒவ்வொரு நிறத்தையும் மீனென்று நாகேந்திரம் அறிவிக்க, றேமண்ட் தூண்டில் போட்டான். கொஞ்சம் பாசி வந்தது. பிறகு ஒரு செருப்பு வந்தது, அதுவும் இடக்கால். நேசமலர் திரையை எட்டிப் பார்த்தாள்.

"உமக்கு இது விளங்காது, மலர். தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி, அது பட்டுத் திரும்பிறதைப் படமாக் காட்டுறது."

"அப்ப ஸ்கான்தானே?"

நாகேந்திரத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருசம் ஸ்கான் மெசினுக்கு முன்னால் இருந்தவள் அவள். பாதி வெள்ளவத்தையைப் பிறக்க முந்தியே பார்த்தவள்.

"கொஞ்சம் அரக்கி இருங்கோ," என்று அவரைத் தள்ளிவிட்டு ஒரு பொத்தானை நாலைந்து தரம் அமத்தினாள். திருவிழா அடங்கியது. "அளவுக்கு மேல கூட்டி வச்சிருக்கிறீங்கள். அவ்வளவும் வெறும் இரைச்சல்."

"அந்த மேகம் மாதிரி இருக்கிறது?"

"பாசி."

"சிவப்பு?"

"கல்லு."

"அப்ப மீன் எங்க?"

"வாயை மூடிக்கொண்டிருந்தால் சொல்லுவன்."

சொன்னாள். "றேமண்ட் தம்பி, வள்ளத்தைத் திருப்பும். இப்ப தாண்டின கல்லுக்கு மேல ஒரு கூட்டம் நிக்குது. நல்ல வளர்ச்சி."

பதினொரு பாரை மீன் பட்டன. றேமண்ட் சிலுவை போட்டுக்கொண்டான். அன்று மத்தியானம் குழம்பை ஊற்றிக்கொண்டே, பங்கை விற்க வேண்டாம் என்று நேசமலர் தீர்ப்பை மாற்றினாள். நாகேந்திரம் அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயும் வள்ளத்துத் தொப்பியோடு திரிந்தார்.

அடுத்த ஞாயிறு காலை அவர் புறப்பட்டு வர, வாசலில் நேசமலர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். றேமண்ட் அவளுக்குத்தான் போன் எடுத்திருக்கிறான். இனி மீன் படுமாம். மூன்று பேரும் ஏறினால் மீன் போட இடமிருக்காதாம்.

"அப்ப நான்?"

அவருடைய தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒன்பது மணிக்குக் கரையில நில்லுங்கோ. பெரிய பையாப் பாத்துக் கொண்டு வாங்கோ."