ஸ்பேனர் தொடாத மேனேஜர்

இரணியல்,
20 ஆகஸ்ட் 2014

அன்புள்ள எக்கா லீமாவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

தம்பி ஷிஜின் எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே அம்மைக்குச் சுகம். எனக்குச் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பெர்த்தில் இப்போது குளிர் என்று நெட்டில் பார்த்தேன், நீங்களும் பிள்ளைகளும் கம்பளி போட்டுக்கொள்ள வேண்டும். மரியாதை எல்லாம் இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன்டே போன் பண்ணாமல் தபாலில் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது விசா ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல், இவனுக்கு அக்கறை இல்லை என்று எழுதி ஃபைலை மூடிவிட்டால் யார் பதில் சொல்வது? மெயிலில் எழுதலாம் என்றால் விண்ணப்பத்தில் கொடுத்ததும் அதே மெயில்தான், அவர்கள் அதைத் திறந்து படிக்க மாட்டார்கள் என்று அத்தான் எழுதித் தருவாரா? அதனால்தான் தபால். ஒட்டும்போது கூட பசையை இரண்டு தடவை தடவப் போகிறேன்.

உனக்கு மறந்திருக்கும், அதனால் கணக்கைத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் நாட்டு விசாவுக்கு அறுபது பாயிண்ட் வேண்டும். எனக்கு வயதுக்கு முப்பது, இங்கிலீஷுக்குப் பத்து, டிப்ளமாவுக்குப் பத்து, ராஜையன் அண்ணாச்சியின் கடையில் ஏழு வருடம் ஏசி, ஐஸ் பிளாண்ட் மெக்கானிக்காகக் கிடந்ததற்குப் பத்து. ஆகமொத்தம் அறுபது. அறுபத்தொன்று இல்லை. மணவாளக்குறிச்சியிலிருந்து மேற்கே கடற்கரை முழுக்க ஐஸ் பிளாண்டுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள், நாலு மெக்கானிக் இருந்த கடையில் இப்போது நான் ஒருவன்தான் என்பது உனக்கும் தெரியும். அடுத்த மாதம் எட்டாம் தேதி, மாதா பிறந்த திருநாள் அன்றைக்கே எனக்கும் முப்பத்து மூன்று பிறக்கிறது. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளின் வயதைத்தான் எடுப்பார்கள் என்பதால் இந்த விண்ணப்பத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் இதைத் தள்ளிவிட்டால் புதிதாகப் போட வேண்டும், அப்போது வயதுக்கு இருபத்தைந்துதான், ஐம்பத்தைந்தோடு நான் ஆயுசுக்கும் இரணியல்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன செவ்வாய்க்கிழமை நான் குளச்சலில் ஒரு கம்பிரஸருக்கு உள்ளே தலையை விட்டுக் கிடந்துவிட்டு மத்தியானம் கடைக்கு வருகிறேன், அண்ணாச்சி வாசலில் நின்று சிரிக்கிறார். "மக்கா, ஒனக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு கேட்டியா" என்றார். "டில்லியில இருந்து ஒரு பொம்பள விளிச்சா. நல்ல படிச்ச பேச்சு. ஷிஜின்னு ஒருத்தரு ஒங்ககிட்ட வேல செய்யாரா, எத்தன வருசமாச்சு, என்ன வேல, சம்பளம் பேங்கில போடுதீங்களா கையில குடுக்கீங்களா, பி.எஃப். உண்டா, ஒண்ணு விடாம கேட்டா." எக்கா, நீயே சொல். எந்த ஊரில் பெண் வீட்டுக்காரி பி.எஃப். கேட்பாள்? டில்லி என்றால் தூதரகம், தூதரகம் என்றால் வேலைச் சான்றிதழ் உண்மையா என்று விசாரிப்பு. "எங்கேயிருந்து பேசுதேன்னு அந்தம்மா சொல்லலியா?" என்று கேட்டேன். "பெண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல விளிக்கும்போ பேரு சொல்லுவாங்களாடே? நானும் கேக்கல, அதாக்கும் மரியாத" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"நான் ஒன்ன விட்டுக் குடுப்பனா? மெக்கானிக்கா, ஆரு சொன்னது, அவன் மேனேஜராக்கும்னேன். ஸ்பேனரு கையால தொட மாட்டான், சட்டையில ஒரு பொட்டு கிரீஸ் படியாது, ஏசி ரூம்ல கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து இருவது பேர ஏவிக்கிட்டு இருப்பான்னேன். அவளுக்குப் பயங்கர சந்தோசம். எழுதி எடுத்தா."

எழுதி எடுத்தாளாம். எக்கா, ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிற எங்கள் கடையில் மொத்தம் ஒரு மின்விசிறிதான், அதுவும் அண்ணாச்சி இருக்கிற பக்கமாகத்தான் காற்றடிக்கும். அந்த நாட்டுக்காரனுக்கு வேண்டியது ஸ்பேனர் பிடிக்கிறவன். ஏசி ரூமில் இருக்கிறவன் அங்கேயே வேண்டிய அளவு இருக்கிறான். நான் கையால் வேலை செய்கிறேன் என்று இதே அண்ணாச்சியின் கையெழுத்தோடு சான்றிதழ் அனுப்பியிருக்கிறேன், இப்போது இவரே வாயால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஆனால் அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தால் இரண்டு படி ஏற்றிச் சொல்லாதவனைக் கல்யாணம் முடக்குகிறவன் என்றுதானே சொல்வார்கள்? இவர் வாக்கை நம்பிப் பதினேழு கல்யாணம் நடந்திருக்கிறது. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை இறக்குகிற ஒருத்தனை ஏற்றுமதி வியாபாரி என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தவர். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், அவன் பெண்டாட்டி இப்போதும் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

சரி, இரண்டாவது தடவை கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிவிடலாம் என்று அண்ணாச்சியை ஸ்டூலில் உட்காரவைத்து நானே ஆபீசர் ஆனேன்.

"ஷிஜின் என்ன வேல செய்யான்?"

"மெக்கானிக்கு."

"கரெக்ட். கையால வேல செய்வானா?"

"செய்வான். ஆனா செய்யணும்னு ஒரு அவசியமும் இல்ல, அப்பிடிப்பட்ட குடும்பமாக்கும்."

"குடும்பத்த ஆரு கேட்டா அண்ணாச்சி?"

"கேக்கலன்னா சொல்லக்கூடாதா? பெண்ணு குடுக்கவன் அதத்தான மொதல்ல பாப்பான்?"

"பெண்ணு இல்ல, விசா."

"ரெண்டும் ஒண்ணுதாம்டே. ஒன்ன எடுக்கதா வேண்டாமான்னுதான் அவனும் பாக்கான், இவனும் பாக்கான்."

இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. இனிமேல் டில்லியிலிருந்து யார் விளித்தாலும் ஆமாம், இல்லை இரண்டைத் தவிர ஒரு சொல் பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அதற்குள் அம்மைக்குக் கல்யாண ஆலோசனைச் செய்தி எட்டிவிட்டது. எட்ட வைத்தது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மை அன்றைக்கே மாதா படத்துக்கு இரண்டு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்தினாள். வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து வீட்டு லேண்ட்லைனில் அதே டில்லிக்காரி. விண்ணப்பத்தில் அந்த நம்பரையும் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். அம்மை சும்மா இருப்பாளா? அந்தம்மா ஒரு கேள்வி கேட்பதற்குள் இவள் நாலு கேட்டிருக்கிறாள். ஊரு எது, எந்தக் கோவில் பங்கு, வீட்டில எத்தன பேரு, மீன் வைக்கத் தெரியுமா. ஒரு நாட்டின் பிரதிநிதியிடம் மீன் வைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள் எக்கா. அந்தம்மா கோபப்படாமல், "எல்லாம் மாசக் கடைசியில நேர்ல வந்து பேசிக்கிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அம்மைக்கு ஆனந்தம். நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க நெட்டில் தேடிக் கிடந்தேன். போனில் விசாரித்துத் திருப்தி இல்லாத கேஸ்களுக்குத்தான் நேரில் ஆள் வரும், நெட்டில் நாலு இடத்தில் போட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை. ஆபீசர் எப்போது வந்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்க வேண்டும். அம்மையோ அதே ஆட்கள் வருகிறார்கள் என்று எனக்கு வெள்ளைச் சட்டை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். "எலே, அந்தக் கைய வச்சிக்கிட்டா பெண்ணு வீட்டுக்காரங்க முன்னால போயி நிப்ப?" என்கிறாள். "இது பெண்ணு வீடு இல்லம்மா, கவர்மென்ட்டு." "கவர்மென்ட்டு உத்தியோகமுள்ள பெண்ணா? மாதாவே." அவளோடு பேசி ஜெயிக்கிறதற்கு ஐஎல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சையில் எட்டு பேண்ட் எடுத்தாலும் போதாது.

கடைசியாக நான் ஒரு காரியம் செய்தேன், செய்தது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர்கள் வந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் நேர்மை என்று எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குடியேற்றத் துறைக்கு மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் அதிகாரியிடம் என் முதலாளி சொன்னது அத்தனையும் பொய், அவர் தம்மிடம் வேலை செய்கிற எல்லோரைப் பற்றியும் இப்படிப் பொய் சொல்கிற வழக்கமுள்ளவர், பதினேழு பேர் விஷயத்தில் ஏற்கனவே சொல்லியிருக்கிறார், கெட்ட எண்ணம் இல்லை, எங்கள் மாவட்டத்தின் பழக்கம் என்று தெளிவாக எழுதினேன். கூடவே நான் ஸ்பேனரோடு நிற்கிற போட்டோ நாற்பது. அனுப்புவதற்கு முன் அதில் அண்ணாச்சியிடம் ஒப்பு கேட்டதற்கு, "நான் பொய்யனாக்கும்னு நானே கையெழுத்துப் போடணுமா? பதினேழு குடும்பம் எனக்க வாக்கில நிக்கி, தெரியுமா?" என்று முகம் செத்துப்போய்க் கேட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேனாவை நீட்டினேன். போட்டுவிட்டு, "நீ போயிச் சேந்தாப் போரும் மக்கா" என்று சொல்லி ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். அதற்கும் பயந்தேன்.

ஆகவே எக்கா, இந்த மாதம் முடியும் வரை நீயும் அத்தானும் எதிலும் தலையிட வேண்டாம். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். எனக்காகக் கோவிலில் ஒரு பூசை வையுங்கள், எதற்கு வேண்டுதல் என்று சாமியாரிடம் விளக்க வேண்டாம், கடவுளுக்குத் தெரியும். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். அம்மை உன்னை நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நடுக்கத்துடன்,
உன் தம்பி
ஷிஜின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் இரண்டு மெயில். முதலாவது அத்தான் எழுதியது: "மக்கா, டில்லியிலிருந்து லிஜியின் அத்தை விளித்தாரா? லிஜி, எங்கள் கோவிலுக்கு வருகிற ஒருத்தர் உனக்குச் சொன்ன பெண். முதலில் சொன்னால் நீ வேண்டாம் என்று சண்டை போடுவாய் என்று லீமா சொல்லவிடவில்லை. அத்தைக்கு பி.எஃப். ஆபீசில் வேலை. உன் முதலாளி பேசிய பேச்சில் மயங்கிப் போயிருக்கிறார்கள், மாதக் கடைசியில் வீடு பார்க்க வருகிறார்கள்." இரண்டாவது குடியேற்றத் துறை எழுதியது: "உங்கள் முதலாளியை நாங்கள் இதுவரை தொடர்புகொள்ளவில்லை. நீங்கள் தந்த தகவலுக்கு நன்றி. இனி தொடர்புகொள்வோம்." அந்த மூன்று வரியைப் பதினோரு தடவை படித்தாயிற்று. எக்கா, உன்னைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, ஆனால் நேரமில்லை. மனைவிக்கும் விசாத் தொழில் பட்டியலில் உள்ள வேலை இருந்து இங்கிலீஷும் தேறியிருந்தால் எனக்கு அஞ்சு பாயிண்ட் கூடும், ஐம்பத்தைந்து மறுபடியும் அறுபதாகும் என்று ரூல் புத்தகத்தில் இப்போதுதான் பார்த்தேன். அந்த லிஜி நர்ஸா, ஐஎல்ட்ஸ் எழுதியிருக்கிறாளா என்று மட்டும் விசாரித்து உடனே சொல். நான் போய்க் கை கழுவுகிறேன்.