கேம் மெஷினுக்குப் பூக் கேட்ட கதை

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு; வரி கோணலாகப் போகும், சொல்ல வந்ததும் பாதியில் மறந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். நானே எழுதாவிட்டால் என் நாத்தனார் பழனாத்தாள் சொல்லித் திரிகிற கதைதான் நிலைத்துவிடும்.

அறுபத்தேழு வயதில் நான் கேம் விளையாடுகிறவள். கையடக்க மெஷின், மேலிருந்து கட்டங்கள் விழும், அடுக்க வேண்டும். கணபதிப் பகுதியில் எங்கள் வீதியில் யாருக்கும் தெரியாது. (காலிங்பெல் அடித்தால் மெஷின் அரிசி டப்பாவுக்குள் போய்விடும்.) வாங்கிக் கொடுத்த என் மகன் செந்திலுக்கு மட்டும் தெரியும்.

அதன் இடது பட்டன் தேய்ந்துபோன சமயம், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதிதாக மூன்று வகை மெஷின்கள் கொண்டுவரப் போவதாகச் செந்தில் போனில் காட்டினான். படம் முழுக்க இருட்டு. ஓரத்தில் ஒரு விளிம்பு மட்டும் பளபளத்தது.

"எப்பக் கண்ணு வரும்?"

"சீக்கிரம்னு போட்டிருக்கறாங்கம்மா. இப்பவே பேர் பதிஞ்சு வெச்சுக்கலாம்."

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நல்ல பொருளை ஏன் இருட்டில் காட்ட வேண்டும்? கத்தரிக்காயையே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான். தினமும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருநாள் விளிம்பு வளைவாகத் தெரிந்தது, மறுநாள் நேராகத் தெரிந்தது. கம்பெனிக்காரன் என்னைப் பார்த்துத்தான் படத்தை மாற்றுகிறான் என்று முடிவு செய்தேன்.

"இரு, ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்," என்றேன்.

எங்கள் பக்கம் பெரிய காரியத்துக்கு மாரியம்மன் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் போடுவார் பூசாரி. எடுப்பது வெள்ளையாக இருந்தால் அம்மனுக்குச் சம்மதம். கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் கேட்பார்கள். கேம் மெஷினுக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"காரியம் என்னன்னு வாய்விட்டுச் சொல்லோணுங்கம்மா," என்றார் பூசாரி. திரும்பினால் எனக்குப் பின்னாலேயே பழனாத்தாள்! சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"பையன் கல்யாணங்களா?" பூசாரியே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாங்க," என்றுவிட்டேன்.

செந்திலுக்கு நாற்பத்தொன்று. பெண் தேடி அலுத்து, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவன் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்ததோ வெள்ளைப் பூ.

பழனாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க நங்கை (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது), எங்கிட்டயே மறைச்சுப்போட்டீங்களே! எந்த ஊருப் பொண்ணுங்க?"

"சோ... சோமனூருங்க."

"அப்பன் என்ன பண்றாருங்க?"

"தறி வெச்சிருக்கறாருங்க."

(கூச்சக்காரி சொல்லும் பொய் ஒன்றோடு நிற்காது. நிற்கக்கூட அதற்கு வெட்கம்.)

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரண்டு கார். பட்டுச்சேலை, ஆப்பிள், மல்லிகைப்பூ, பின்னால் ஒன்பது சொந்தக்காரர்களோடு பழனாத்தாள். "கெளம்புங்க நங்கை, பொண்ணப் பாத்துட்டு வந்தர்லாம். சோமனூர்ல விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியலீங்க. என்னமோ மறைக்கறீங்க!"

அவள் காலையிலேயே செந்திலுக்கும் போன் செய்திருக்கிறாள். அவன் சலூனுக்குப் போய் முடி வெட்டி, மீசைக்கு மை பூசி, தீபாவளிச் சட்டையில் வந்து நின்றான். "சொல்லவே இல்லியேம்மா," என்று சிரித்தான்.

சமையலறைக்குப் போய், மெஷினை எடுத்து வந்து ஆப்பிள் தட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுக்குத்தானுங்க பூக் கேட்டேன்."

"அப்ப சோமனூரு?" என்றாள் பழனாத்தாள்.

"இல்லீங்க."

"தறி?"

"அதும் இல்லீங்க."

"ஏனுங்க நங்கை, இந்தப் பொம்மைக்கா ஆத்தாளத் தொந்தரவு பண்ணுனீங்க!"

நான் செந்தில் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தான். "உடுங்கத்தை. வெள்ளைப் பூ வந்துருச்சல்ல? எங்கம்மாவுக்குப் பேர் பதிஞ்சர்லாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் உள்ளே போய், மீசை மையைக் கழுவிவிட்டு வந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பேர் பதிந்தாயிற்று, மெஷின் இன்னும் வரவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பழனாத்தாள் பந்தியில் சத்தமாகக் கேட்கிறாள்: "நங்கை, சோமனூர்க்காரி வந்துட்டாளுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் செந்தில் சொல்கிறான்: "பொண்ணூட்டுக்காரங்க இன்னும் தேதி குறிக்கலீங்கத்தை."

கிழமையோ, கார் கணக்கோ, வந்த ஆள் கணக்கோ தப்பாக இருக்கலாம். யாராவது செந்திலிடம் கேட்டுச் சரிபார்த்துக் கொடுங்கள். மீசை விஷயத்தை மட்டும் அவனிடம் கேட்க வேண்டாம்.