சைலேஷ்பாயின் மௌன விரதம்

"உன் சொந்த ஊர் எது?" என்று காந்தாபென் குஜராத்தியில் கேட்டபோது, அறிவுமதிக்கு உண்மையைச் சொல்லிவிடும் எண்ணம்தான் இருந்தது. கறம்பக்குடி என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

அதற்குள் காந்தாபென் முந்திக்கொண்டார். "கேட்டேன் என்று தப்பாக நினைக்காதே. போன மாதம் ஒருத்தி வந்தாள். தானும் குஜராத்தி என்றாள். ஒரு வாக்கியம் பேசத் தெரியவில்லை. மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். நம் குஜராத்தி மண்டலில் கண்டவர்களையும் சேர்ப்பதில்லை."

அறிவுமதி கறம்பக்குடியை அப்படியே விழுங்கினாள்.

"ஆனந்த் பக்கம், பென்" என்றாள், குஜராத்தி முறைப்படி அக்கா என்று அழைத்து.

"பெயர்?"

"மதி... மதிபென் படேல்."

"வா, வா, உட்கார்" என்று காந்தாபென் பாயைத் தட்டிக் காட்டினார். ஒரு தட்டில் டோக்ளா வந்தது. அறிவுமதிக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுததற்குக் காரணம் டோக்ளா இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது சூரத்தில். அப்பா கறம்பக்குடியிலிருந்து போய் அங்கே சாயப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். சூரத்தில் அவளை 'மதராசி' என்றார்கள். கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்தால், தெருவில் அவளுக்கு 'சேட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் பேசும் தமிழைக் கேட்கக் காய்கறிக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு கூப்பிட்டார். "அக்கா, இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க, சிரிப்பா இருக்கு!" அன்றிலிருந்து வெளியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பகலெல்லாம் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் கீழ ராஜ வீதியில் பிரகதாம்பாள் கடையைப் பார்த்தாள். முறுக்கு, அதிரசம், சீடை. நடுவில், வெள்ளைத் துணியால் மூடி, வட்ட வட்டமாக, சூரத்தில் தின்ற அதே காக்ரா!

"அக்கா, இது எப்படி இங்க?"

"கோதுமை அப்பளம்னு சொல்லி விக்கிறேன் தங்கச்சி. எங்க வீட்டுல எப்பவும் சுடுறதுதான். ஒண்ணு தின்னு பாருங்க."

"இந்த ஊர்ல குஜராத்திக்காரங்க இருக்காங்களாக்கா?"

பிரகதாம்பாள் முகம் கொஞ்சம் கோணியது. "அந்தா அங்கிட்டு, டைல்ஸ் கடை மாடில ஞாயித்துக்கிழமை கூடுறாங்க. போய்ப் பாருங்க. பாஷை பேசத் தெரிஞ்சாத்தான் உள்ள விடுவாங்க."

அந்தக் கோணலைக் கவனிக்க அறிவுமதிக்கு ஏது நேரம்? ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது அவளுக்கு.

வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குத் திருவிழாதான். மண்டல் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. ராஜ்கோட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற காந்தாபென் தலைவி. மோர்பியிலிருந்து டைல்ஸ் இறக்கி விற்கும் ரமணிக்பாய் மாடியைக் கொடுத்தவர். வாபிப் பக்கத்து ஜிக்னேஷ்பாயும் அவர் மனைவியும் உறுப்பினர்கள். அவர்கள் பேசிய குஜராத்தி அறிவுமதியின் குஜராத்தியைப் போல் இல்லை. ராஜ்கோட் பக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அது ஒன்று போதாதா?

போதாது என்றார் காந்தாபென். "நவராத்திரி வருகிறது. கர்பா ஆட்டத்துக்கு உன் வீட்டுக்காரரையும் கூட்டி வா."

அறிவுமதியின் கணவன் செல்லமுத்து கால்நடை ஆய்வாளர். ஊரிலுள்ள மாடுகளின் பாஷையெல்லாம் தெரியும். குஜராத்தி தெரியாது.

"மாட்டுக்கு ஊசி போடச் சொல்லு, போடுறேன். படேலா நடிக்கச் சொல்லாத" என்றான்.

"நீங்க பேசவே வேணாம். மௌன விரதம்னு சொல்லிர்றேன். உங்க பேரு சைலேஷ்."

"ஏன் மதி, நெசத்தச் சொன்னா என்ன?"

"சொன்னா மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் நான் மறுபடி குக்கரோடதான் பேசணும்."

அவள் கண் கலங்கியது. செல்லமுத்து மறுபேச்சுப் பேசவில்லை. விரதம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கர்பாவில் செல்லமுத்து நன்றாகத்தான் நடித்தான். கும்பிட்டான், தலையாட்டினான், இரண்டு குச்சியை வாங்கித் தட்டினான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நார்த்தாமலையிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது. விரதத்தைப் பார்ப்பதா, பசுவைப் பார்ப்பதா? போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டான்.

"மெதுவா இழுங்கண்ணே... ரெண்டு காலும் தெரியுதா?... முக்கட்டும், முக்கட்டும்... நல்லா முக்கட்டும்!"

ரமணிக்பாய் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் திகில்.

"உள்ளே யாரோடு பேசுகிறார்?"

"பேசவில்லை, பாய். ஜபம்" என்றாள் அறிவுமதி. "இந்த நேரத்துக்கு மந்திரம் சொல்லியே ஆகவேண்டும். எங்கே இருந்தாலும்."

செல்லமுத்து வியர்த்து வழிந்து, முகத்தில் பெரிய நிம்மதியோடு வெளியே வந்தான். பசு பிழைத்த நிம்மதி அது. காந்தாபென்னுக்கு அதில் தெய்வீகம் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட மனிதர்! விரதம் என்றைக்கு முடிகிறது?"

"வருகிற பௌர்ணமிக்கு, சரத் பூர்ணிமாவுக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் அறிவுமதி.

"அப்படியானால் அன்றைக்கு மண்டல் உன் வீட்டில்தான் கூடும். அவர் பேசும் முதல் வார்த்தை எங்கள் காதில் விழவேண்டும். புண்ணியம்!"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பொய்யெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

பௌர்ணமி வரை வீட்டில் ஒரே பாடம்தான். "ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா. எங்க, சொல்லுங்க." அவனும் மாட்டுக்கு ஊசி போடும்போதுகூட அதையே சொன்னான். காக்ராவும் கடலைமாவுக் காண்ட்வியும் பிரகதாம்பாளிடம் சொல்லியாகிவிட்டது. "நானே கொண்டாந்து குடுத்துர்றேன் தங்கச்சி, ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார் அவர். சுத்த சைவக்காரர்கள் வருகிறார்கள் என்று, அடுப்படியில் வெங்காயம்கூட இல்லாமல் அறிவுமதி துடைத்து வைத்தாள்.

அன்று மத்தியானம் கறம்பக்குடி பஸ்ஸில் மாமியார் தெய்வானை வந்து இறங்கினார். கையில் பை.

"ஏத்தா மதி, கோட்டைப்பட்டினத்து நெத்திலிக் கருவாடு! அவனுக்குன்னா உசுரு. ஒரு கொழம்ப வச்சுக் குடுத்துட்டு, நான் திருச்சிக்கு மக வீட்டுக்குப் போறேன்."

"இன்னிக்கு வேணாம் அத்தை, நாளைக்கு..."

"கொழம்பு வைக்க நாள் நட்சத்திரமா பாப்பாங்க?"

தெய்வானை சமைக்க உட்கார்ந்தால் மாவட்ட ஆட்சியர் வந்தாலும் தடுக்க முடியாது. மாங்காய் போட்டு, பூண்டு உரித்துப் போட்டு, கமகமவென்று ஒரு சட்டிக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். செல்லமுத்து அவரைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவதற்கும் மண்டல் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அறிவுமதி ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினாள். இப்போது வீடு முழுக்க ஊதுபத்தி வாசமும் கருவாட்டு வாசமும் கைகோத்துக்கொண்டு உலாவின.

காந்தாபென் வாசலிலேயே நின்றார். மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியது. "என்ன வாசனை இது?"

"எண்ணெய், பென்" என்றாள் அறிவுமதி. "மூலிகைத் தைலம். இவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் வலி. அதற்குக் காய்ச்சினேன்."

ஜிக்னேஷ்பாயின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரமணிக்பாய் கண்ணை மூடி ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்தார். தப்பித்தோம் என்று அறிவுமதி நினைத்தாள்.

"முழங்கால் வலிக்கா?" என்றார் காந்தாபென். நர்ஸ் அல்லவா, விடுவாரா? "ரமணிக்பாய், உங்களுக்கும்தானே முழங்கால் வலி? மதிபென், கொஞ்சம் கொண்டு வா. இவருக்கும் போட்டுப் பார்க்கலாம்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று ரமணிக்பாய் காலை இழுத்துக்கொண்டார்.

"வெட்கப்படாதீர்கள். வேட்டியை மடக்குங்கள்."

அறிவுமதிக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டியின் மேலாகத் தெளிந்து நின்ற எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வழித்து, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். காந்தாபென் அதை வாங்கி, ரமணிக்பாயின் முழங்காலில் பூசி அழுத்தித் தேய்த்தார். மிளகாய்க் காரம் ஏற ஏற ரமணிக்பாய் பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் கட்டியது.

"சிவப்பாக இருக்கிறதே?"

"சூட்டை இழுக்கும், பென்."

"நல்ல பிடிப்பாகவும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கொண்டு வா. அடியில் இருக்கும் கசடோடு கொண்டு வா, அதில்தான் சத்து."

செல்லமுத்து ஒரு மூலையில் சம்மணம் போட்டு, 'ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா'வை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பௌர்ணமி நிலா ஏறியதும் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. அம்மா வைத்த குழம்பு கிண்ணம் கிண்ணமாக இன்னொருவர் முழங்காலுக்குப் போவதை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். முதல் கிண்ணத்தைப் பொறுத்தான். இரண்டாவதையும் பொறுத்தான். மூன்றாவது கிண்ணத்தில் வெந்த மாங்காய்த் துண்டும், அதை ஒட்டிக்கொண்டு ஒரு நெத்திலியும் வந்தது. காந்தாபென் அதையும் முழங்காலில் வைத்து நசுக்கத் தொடங்கினார்.

"ஐயோ, அது கொழம்புங்க!" என்று சைலேஷ்பாய் அலறினான். "எனக்கு ஒரு வாய்கூட இல்லாம எல்லாத்தையும் கால்ல பூசுறீங்களே!"

முதல் வார்த்தை எல்லார் காதிலும் விழுந்தது.

அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது, டோக்ளா கிடையாது, பேச ஓர் ஆள் கிடையாது.

காந்தாபென் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வாயில் வைத்தார்.

"யாரு வச்ச கொழம்பு இது?" என்றார், சுத்தமான புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூர்த் தமிழில். "இன்னும் மிச்சம் இருக்கா? இருந்தா ரெண்டு கரண்டி சோத்துல ஊத்து தாயீ. இதத் தின்னு எத்தன நாளாச்சு!"

அறிவுமதி கண்ணைத் திறந்தாள். "பென்... நீங்க?"

"என்ன பென்னு? நான் செபமாலை. ஆவூரு. ராஜ்கோட்டுல காலமெல்லாம் ஊசி போட்டுட்டு ஊருக்கு வந்தேன், பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. டைல்ஸ் கடை வாசல்ல இந்த ரமணிக்பாயி போன்ல குஜராத்தி பேசிக்கிட்டிருந்தாரு. குஜராத்திக்காரர்னு நெனச்சு, காந்தான்னு சொல்லி ஒட்டிக்கிட்டேன்."

ரமணிக்பாய் எரியும் முழங்காலை ஊதிக்கொண்டே கத்தினார். "நான் சரக்குக்கு ஆர்டர் போட்டுக்கிட்டிருந்தேன்மா! நீங்கதான் வந்து குஜராத்தில பேசுனீங்க. பெரிய இடம் போல, நம்மள மதிச்சுப் பேசுறாகளேன்னு நானும் ரமணிக் ஆயிட்டேன். நான் அன்னவாசல் வீரய்யா! மோர்பியில மண்ணு சொமந்தவன்."

"கால்ல பூசும்போது தெரியலையாண்ணே, கொழம்புன்னு?" என்றான் செல்லமுத்து ஆற்றாமையோடு.

"வாசல்லயே தெரிஞ்சுபோச்சு தம்பி. சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாகளே!"

எல்லாரும் ஜிக்னேஷ்பாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "ஜஸ்டின்ங்க. இது என் சம்சாரம் இனியா. வாபியில கெமிக்கல் கம்பெனி... சரி விடுங்க, மொதல்ல சோத்தப் போடுங்க."

அறிவுமதி சிரித்தாள். அழுதாள். மறுபடி சிரித்தாள். சட்டியில் மிச்சமிருந்த குழம்பை ஐந்து பேரும் அவளும் வழித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது வாய் தன்னால் குஜராத்திக்குத் திரும்பியது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"இனிமே என்ன பயம்? நம்ம மண்டல் நம்ம மண்டல்தான்" என்றார் செபமாலை விரலை நக்கிக்கொண்டே.

"அது சரி" என்றார் வீரய்யா. "அப்ப இந்தப் புதுக்கோட்டையில நெசமான குஜராத்தின்னு ஒருத்தர்கூட இல்லையா?"

காக்ரா டப்பாவோடு பிரகதாம்பாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, செபமாலையைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன் இல்லாம? எங்க தாத்தா ஜாம்நகர்லேர்ந்து கடலை யாவாரத்துக்கு வந்தவரு; எனக்குப் பாஷை பேச வரலைன்னு இந்தக் காந்தாபென்தானே அப்பவே என்னைய மாடிப்படியிலேயே திருப்பி அனுப்புனாங்க!"